கண்ணி பிறந்த கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உதோங்காத்தி ஆறு ஓடுகிறது. அதன் கரையை ஒட்டிய மணற்பாறைச் சரிவில் சிபுடு என்றொரு குகை இருக்கிறது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் லின் வாட்லி 1998-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். ஏறத்தாழ 65,000 ஆண்டுகளுக்கு முந்தைய மண்ணடுக்குகளிலிருந்து வந்த எலும்புகள் ஆய்வாளர்களை நிறுத்தி யோசிக்க வைத்தன.

ஆதி மனிதன் ஈட்டியால் பெரிய விலங்குகளை வீழ்த்தினான் என்பது நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்தது. ஆனால் அந்த அடுக்குகளில் சிற்றுயிர்களின் எலும்புகள் மிகுந்து கிடந்தன. நீல டைக்கர் என்னும் குட்டி மானின் எலும்புகள் அவற்றில் ஏராளம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சருகுமானைப் போலவே அதுவும் மிகச் சிறியது. எடை நான்கைந்து கிலோ. அடர்ந்த புதர்க்காட்டை விட்டு வெளியே வராது. சருகு மிதிபடும் ஓசை கேட்டாலே மறைந்துவிடும். ஈட்டியை ஓங்கக்கூட இடமில்லாத காட்டில் அப்படிப்பட்ட உயிரை எப்படிப் பிடித்தார்கள்? இரவில் மட்டுமே நடமாடும் சிறிய ஊனுண்ணிகளின் எலும்புகளும் அதே அடுக்குகளில் கிடைத்தன. மனிதர்கள் தூங்கும் நேரத்தில் இரை தேடும் விலங்குகள் அவை.

2010-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வாட்லி தன் விடையை முன்வைத்தார். அந்த மனிதர்கள் கண்ணியும் பொறியும் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அவர் கையில் கண்ணி ஒன்றுகூட இல்லை. நாரால் ஆன கண்ணி 65,000 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து மிஞ்சாது. அது பிடித்த விலங்கின் எலும்புதான் அதற்குச் சாட்சி. மனித குலத்தின் மிகப் பழைய கருவிகளில் ஒன்றின் வரலாற்றை, அந்தக் கருவியைப் பார்க்காமலே எழுத வேண்டியிருக்கிறது.

கயிறு முதலில்

கண்ணி பிறக்க வேண்டுமென்றால் அதற்கு முன் கயிறு பிறந்திருக்க வேண்டும். உரித்த கொடியைக் கொண்டு எதையாவது கட்டலாம்; ஆனால் இழுத்ததும் வழுக்கி இறுகும் சுருக்கு அதில் எளிதில் அமையாது. அதற்கு மெல்லியதாகவும் வலுவாகவும் வளையக்கூடிய இழை வேண்டும். நாரைப் பிரித்து, ஒரு திசையில் முறுக்கி, அப்படி முறுக்கிய புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் திரித்தால்தான் கயிறு பிரியாமல் நிற்கும். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்தான் கயிற்றின் உயிர் இருக்கிறது.

பிரான்சின் ஆர்தேஷ் பகுதியில் அப்ரி து மரா என்னும் பாறை ஒதுங்கிடம் உண்டு. நியாண்டர்தால் மனிதர்கள் வாழ்ந்த இடம். அங்கே கிடைத்த கற்சில்லு ஒன்றில் ஒட்டியிருந்த ஓர் இழையைப் ஆய்வாளர் புரூஸ் ஹார்டியும் அவருடைய குழுவினரும் 2020-இல் வெளியுலகுக்குக் காட்டினார்கள். நீளம் வெறும் 6 மில்லிமீட்டர் சொச்சம். ஊசியிலை மரமொன்றின் உட்பட்டையிலிருந்து எடுத்த நார் அது. மூன்று புரிகளை ஒரு பக்கம் முறுக்கி, மூன்றையும் சேர்த்து மறுபக்கம் திரித்திருந்தார்கள். வயது 41,000 முதல் 52,000 ஆண்டுகள். அது எதற்குப் பயன்பட்ட கயிறு என்று அந்தச் சில்லு சொல்லவில்லை. ஆனால் உட்பட்டை எந்தப் பருவத்தில் சுலபமாக உரியும், எவ்வளவு ஊறினால் பதமாகும், எத்தனை புரி சேர்த்தால் எவ்வளவு தாங்கும் என்ற அறிவு அவ்வளவு காலத்துக்கு முன்பே கைவந்திருந்தது என்பது உறுதியாகிறது.

இன்றைய செக் நாட்டின் தோல்னி வெஸ்தோனிட்ஸே, பாவ்லோவ் ஆகிய இடங்களில் இன்னொரு சாட்சி கிடைத்தது. 25,000 ஆண்டுகளுக்கும் முந்தைய சுட்ட களிமண் துண்டுகளில் கயிறு, பின்னல், வலை ஆகியவற்றின் அச்சுகள் பதிந்திருப்பதை ஆய்வாளர்கள் ஓல்கா சோஃபரும் ஜேம்ஸ் அடவாசியோவும் 1990-களில் எடுத்துக்காட்டினார்கள். அந்தக் குடியிருப்புகளில் மம்மூத் யானையின் எலும்புகளோடு முயல், நரி எலும்புகளும் கிடந்தன. பனியுக வேட்டைக்காரன் என்றதும் மம்மூத்தைச் சூழ்ந்து நிற்கும் ஆண்கள்தான் ஓவியங்களில் வருகிறார்கள். நெருப்படியில் உட்கார்ந்து நார் திரித்த கைகளை யாரும் வரையவில்லை. ஆனால் அன்றாடப் பசியைத் தீர்த்ததில் அந்தக் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இல்லாத நேரத்தில் வேலை செய்யும் கருவி

கைக்கோடரியோ ஈட்டியோ பிடித்திருக்கும் கை அசைந்தால்தான் வேலை செய்யும். கண்ணியை வைத்தவர் குகைக்குத் திரும்பிப் படுத்துத் தூங்கலாம். அது விழித்திருக்கும். மனிதன் அருகில் இல்லாத நேரத்தில் அவன் எண்ணியதைச் செய்து முடித்த முதல் கருவிகளில் அது ஒன்று.

அதன் உள்ளே இருக்கும் சிந்தனையைப் பிரித்துப் பார்த்தால் வியப்பு கூடுகிறது. காட்டு விலங்கு தனக்கென்று தடம் வைத்திருக்கும். போன வழியிலேயே மறுபடியும் போகும். குறுகலான இடத்தில் தலையை நுழைத்தபின் ஏதாவது உரசினால் பின்வாங்காமல் முன்னே பாயும். பாய்ந்தால் சுருக்கு இறுகும். அதாவது, பிடிக்கும் வலுவை விலங்கே தருகிறது. கண்ணி அதைத் திருப்பி விடுகிறது. விலங்கின் பழக்கம், உயரம், அச்சம் மூன்றையும் அறிந்தவர் மட்டுமே சரியான இடத்தில் சரியான அளவில் கண்ணி வைக்க முடியும்.

அடுத்த கட்டம் வளைத்த கிளை. இளமரத்தை வளைத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால் அந்த வளைவில் விசை தேங்கி நிற்கும். விலங்கு தொட்டதும் கொக்கி விடுபட, கிளை நிமிர்ந்து இரையை மேலே தூக்கிவிடும். நரியோ கழுதைப்புலியோ வந்து அதைத் தின்றுவிட முடியாது. உணரும் உறுப்பு, தேக்கி வைத்த ஆற்றல், அதை விடுவிக்கும் விசைமுனை என்று பிற்காலத் தானியங்கி இயந்திரங்களின் மூன்று அங்கங்களும் இந்தக் கிளையிலும் கயிற்றிலும் இருக்கின்றன. கண்ணிக்கு வாட்லி அவ்வளவு முக்கியத்துவம் தந்ததற்குக் காரணம் அதை வைக்கத் தேவையான சிந்தனை. கண்முன் இல்லாத விலங்கு, இனி வரப்போகும் நேரம், தான் இல்லாதபோது நடக்கப்போவது என்று மூன்றையும் ஒருசேர மனத்தில் வைத்திருக்கத் தெரிந்த மூளையே கண்ணி வைக்கும். சிபுடுவின் எலும்புகள் அந்த மூளைக்குச் சான்று.

கண்ணி வைக்கப் பெரும் உடல்வலுவோ நீண்ட ஓட்டமோ தேவையில்லை என்பதையும் வாட்லி சுட்டிக்காட்டினார். பெண்களும் சிறுவர்களும் முதியவர்களும் குடியிருப்பை விட்டு அதிக தூரம் போகாமலே இறைச்சி கொண்டுவர முடிந்தது. சிறு விலங்கின் வரலாறு மக்கள்தொகையின் வரலாறும் ஆகிறது. மேரி ஸ்டைனரும் சக ஆய்வாளர்களும் இத்தாலியிலும் இஸ்ரேலிலும் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1999-இல் ஒன்றைச் சொன்னார்கள். பழைய அடுக்குகளில் ஆமை, கிளிஞ்சல் போன்ற மெதுவாக நகரும் உயிர்கள் மிகுதி. காலம் செல்லச் செல்ல ஓடும் முயலும் பறக்கும் கௌதாரியும் கூடுகின்றன. கையால் பொறுக்க முடிந்தவை குறைந்து, ஆட்கள் பெருகியபின்தான் மனிதர்கள் வேகமான இரைக்குத் திரும்பினார்கள். முயலைத் துரத்திப் பிடிக்க முடியாது. கண்ணியும் வலையும் இருந்தால் துரத்தவே வேண்டாம். முயல் விரைவாகப் பெருகும் உயிர் என்பதால், பிடித்த பிறகும் காடு வெறுமையாகிவிடவில்லை.

ஏட்டில் ஏறிய கண்ணி

கிரேக்கர்களிடம் எழுத்து வந்து, வேட்டைக்கென்று நூலும் வந்தது. சாக்ரடீஸின் மாணவரான செனஃபோன் பெயரில் வழங்கும் வேட்டை நூலில் மானுக்கு வைக்கும் காற்பொறி விரிவாகச் சொல்லப்படுகிறது. யூ மரத்தின் கிளையைப் பின்னி வளையம் செய்து, அதில் இரும்பு முள்ளும் மரமுள்ளும் மாற்றி மாற்றிப் பதித்து, மேலே சுருக்கை வைத்து, குழியில் மறைத்து, கயிற்றின் மறுமுனையில் ஓக் மரக்கட்டையைக் கட்டச் சொல்கிறது. மான் கட்டையை இழுத்துக்கொண்டு ஓடும். தரையில் விழும் கோட்டைப் பார்த்து வேட்டைக்காரர் பின்தொடர்வார். சுருக்குக்கு எந்தப் புல்லின் நார் வேண்டும் என்றும் நூல் சொல்கிறது. எஸ்பார்டோ புல் வேண்டும், ஏனென்றால் அது எளிதில் மட்காது. கண்ணி வைத்தவர்கள் எல்லாக் காலத்திலும் பட்ட கவலை அது.

தமிழில் இன்னும் கூர்மையான செய்தி இருக்கிறது. நற்றிணையின் 119-ஆம் பாடலில், தினை தின்ன வரும் காட்டுப்பன்றிக்காகப் புனத்துக்காரன் பெரிய கல்லை நிறுத்திப் பொறி வைக்கிறான். அகப்படுவது புலி. காதல் பாட்டின் பின்னணியில் போகிறபோக்கில் வரும் செய்திதான். ஆனால் பொறியின் அடிப்படைக் குறை அதில் இருக்கிறது. வைத்தவருக்கு யார் வேண்டும் என்று தெரியும், பொறிக்குத் தெரியாது. இந்தக் குறையைக் கட்டுக்குள் வைத்திருந்தவை எவை, அவை எப்போது அறுந்தன என்பதில்தான் கண்ணியின் பிற்கால வரலாறு அடங்கியிருக்கிறது.

ஏழு மாதம் தனியாக இருந்த பெண்

கண்ணி மனித உயிரை எப்படித் தாங்கி நிறுத்தும் என்பதற்கு நான் அறிந்தவரை மிகச் சிறந்த சாட்சியம் கனடாவிலிருந்து வருகிறது. தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் சாமுவேல் ஹெர்ன், சிப்பெவயான் மக்களின் தலைவர் மடோனபி வழிகாட்ட, ஆர்க்டிக் கடற்கரை வரை நடந்து சென்று திரும்பிக்கொண்டிருந்தார். 1772 ஜனவரி 11 அன்று அவருடன் வந்தவர்கள் பனியில் அறிமுகமில்லாத பனிக்காலணித் தடம் ஒன்றைக் கண்டார்கள். தொடர்ந்து போனால், சிறு குடில் ஒன்றில் இளம்பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அவள் டாக்ரிப் இனத்துப் பெண். 1770 கோடையில் வேறோர் இனத்தார் அவள் குடும்பத்தைத் தாக்கி அவளைச் சிறைபிடித்தார்கள். அவளுடைய கைக்குழந்தையைக் கொன்றார்கள். அடுத்த கோடையில் அவள் தப்பி ஓடினாள். ஊருக்கு வழி தெரியவில்லை. ஆறுகளும் ஏரிகளும் குறுக்கே கிடந்தன. குடில் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். ஏறத்தாழ ஏழு மாதம் மனித முகம் எதையும் அவள் பார்க்கவில்லை. வடகனடாவின் கடுங்குளிரும் அதற்குள் அடக்கம்.

அவளைக் காப்பாற்றியது கண்ணி. தப்பும்போது கொண்டுவந்த மான் தசைநார் கொஞ்சம் இருந்தது. அதில் சுருக்குப் போட்டு முயலும் அணிலும் காட்டுக்கோழியும் பிடித்தாள். அந்த நார் தீர்ந்ததும், பிடித்த முயல்களின் காலிலிருந்த நாரை உருவித் திரித்து அடுத்த கண்ணிகளைச் செய்தாள். முயல் தோலைத் தைத்துக் குளிருக்கு உடுப்பாக்கினாள். பீப்பாய் வளையத்தின் ஐந்தாறு அங்குல இரும்புத் துண்டு அவளுக்குக் கத்தி. அம்புமுனையின் தண்டு குத்தூசி. ஓய்வு நேரத்தில் வில்லோ மரத்தின் உட்பட்டையை உரித்துத் திரித்து, பல நூறு பாகம் கயிறு சேர்த்து வைத்திருந்தாள். பனி உருகியதும் மீன்வலை பின்னுவதற்காக. கண்டுபிடித்தபோது நல்ல உடல்நலத்தோடு இருந்தாள் என்று ஹெர்ன் எழுதுகிறார். அந்த உடுப்பின் அழகையும் நேர்த்தியையும் வியந்து பாராட்டுகிறார். அவள் பெயரை மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை.

65,000 ஆண்டுகளுக்கு முன் சிபுடுவில் தடம் பதித்த அறிவின் உச்சம் என்று அவளையே சொல்வேன். ஒரு கண்ணி பிடித்த முயலின் உடலிலிருந்தே அடுத்த கண்ணி வருகிறது. தேவைக்கு மேல் ஒன்றும் பிடிபடுவதில்லை. பிடிபட்டதில் ஒன்றும் வீணாவதில்லை.

ஹெர்ன் தந்த இன்னொரு குறிப்பு கண்ணியின் பெரிய வடிவத்தைக் காட்டுகிறது. சிப்பெவயான் மக்கள் கரிபூ மான்கள் வரும் பாதையில் கிளைகளால் வேலி வளைப்பார்கள்; சில வேலிகளின் சுற்றளவு ஒரு மைலுக்குக் குறையாது. உள்ளே சிக்கலான குறுக்கு வேலிகள். ஒவ்வொரு திறப்பிலும் முறுக்கிய மான்தோல் வாரில் சுருக்கு. முழுக் குடும்பமும் சேர்ந்து மந்தையை உள்ளே விரட்டும். குளிர்காலம் முழுவதும் ஓரிரு முறைக்கு மேல் இடம்பெயராமல் இந்த வேலிகளை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் உண்டு.

கண்ணியை மட்டும் நம்பினால் வரும் ஆபத்தையும் வடபுலத்து மக்கள் அறிந்திருந்தார்கள். முயல் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. வேறு எதுவும் இல்லாமல் அதையே வாரக்கணக்கில் தின்றால் வயிறு நிறையும், உடல் ஒடுங்கும். வயிற்றுப்போக்கும் தலைவலியும் சோர்வும் வரும். முயல் பட்டினி என்று பெயர்பெற்ற இந்த நோயை ஆர்க்டிக் பயணி வில்ஹ்யால்மர் ஸ்டெஃபான்சன் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பெண் சில பீவர்களையும் முள்ளம்பன்றிகளையும் பிடித்ததாக ஹெர்ன் குறிப்பிடுகிறார். பீவர் கொழுப்பு நிறைந்த விலங்கு. அவள் நலமாக இருந்ததில் அதற்கும் பங்கு இருந்திருக்கும்.

அந்தக் காட்டு முயல்கள் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிச் சரியும். அவற்றைத் தின்னும் லின்க்ஸ் காட்டுப்பூனையும் பின்னாலேயே பெருகிச் சரியும். வேட்டைக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த தோல்களுக்கு ஹட்சன் பே கம்பெனி எழுதி வைத்த கணக்கைக் கொண்டு சூழலியலாளர் சார்லஸ் எல்டன் இந்தச் சுழற்சியை ஆராய்ந்தார். மேரி நிக்கல்சனோடு சேர்ந்து 1942-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இன்றும் சூழலியல் வகுப்புகளில் முதல் பாடங்களில் ஒன்று. காட்டின் நாடித்துடிப்பை அறிவியல் முதலில் கேட்டது பொறிக்காரர்களின் கணக்கிலிருந்துதான்.

நாரின் மூன்று கட்டுப்பாடுகள்

இத்தனை ஆயிரம் ஆண்டுகள் கண்ணி இருந்தும் காடுகள் காலியாகாமல் இருந்ததற்குக் காரணம் வெறும் நல்லெண்ணம் மட்டும் அல்ல. நாரே அதற்குக் காவலாக இருந்தது.

முதலாவது, உழைப்பு. ஒரு கண்ணிக்கு நார் உரித்து, ஊறவைத்து, திரிக்க நேரம் ஆகும். அதனால் ஒருவர் வைக்கக்கூடிய கண்ணிகளுக்கு எல்லை இருந்தது. வைத்ததை மறக்கவும் மாட்டார். மறுநாளே போய்ப் பார்ப்பார். இரண்டாவது, வலு. முயலுக்குத் திரித்த கயிறு முயலைத்தான் பிடிக்கும். சிறுத்தை விழுந்தால் அறுத்துக்கொண்டு போய்விடும். மூன்றாவது, ஆயுள். மழையும் கரையானும் எலியும் கைவிடப்பட்ட கண்ணியைச் சில காலத்திலேயே தின்று தீர்த்துவிடும். வைத்தவர் செத்தாலும் அவருடைய கண்ணி கொன்றுகொண்டிருக்காது.

கண்ணியில் சிக்கிய உயிருக்கு அப்போதும் வலி இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த வலிக்கு ஓர் எல்லையும் ஒரு கணக்கும் இருந்தன.

கம்பி வந்தது

ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் கயிறும் சங்கிலியும் அறுந்து விபத்துகள் நடந்துகொண்டிருந்தன. கிளவுஸ்தால் சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பெர்ட் 1834-இல் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். நாருக்குத் தெரிந்த அதே முறுக்கு, இப்போது உலோகத்தில். 1896-இல் எர்னஸ்ட் பௌடன் உறைக்குள் ஓடும் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிள் பிரேக்கும் மோட்டார் சைக்கிள் கிளட்சும் இன்று அந்த ஒயரில்தான் இயங்குகின்றன. இருவருமே மனித உயிரைக் காக்கும் நல்ல வேலை செய்தவர்கள். அந்தக் கம்பி காட்டுக்குள் போகும் என்று அவர்கள் எண்ணியிருக்க முடியாது.

சைக்கிள் கடையில் விற்கும் பிரேக் ஒயரின் முனையை வளைத்தால் கண்ணி தயார். திரிக்க வேண்டியதில்லை, ஒருவர் ஒரே நாளில் நூறு வைக்கலாம். மலிவானது என்பதால் போய்ப் பார்க்காவிட்டாலும் நட்டமில்லை. முயலுக்கு வைத்ததில் கரடி சிக்கினாலும் அறாது. ஆண்டுக்கணக்கில் மட்காது. நாரின் மூன்று கட்டுப்பாடுகளும் ஒரே வீச்சில் போயின.

விளைவைப் பார்க்க வேண்டுமானால் வியட்நாமுக்கும் லாவோஸுக்கும் இடையிலுள்ள அன்னமைட் மலைத்தொடருக்குப் போக வேண்டும். 1992-இல் வூ குவாங் காட்டோரக் கிராமங்களில், அறிவியல் அதுவரை அறியாத ஒரு விலங்கின் கொம்புகள் கிடைத்தன. நீண்ட இரட்டைக் கொம்பும் முகத்தில் வெள்ளைக் கோடுகளும் கொண்ட சாவோலா அது. இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய விலங்கியல் கண்டுபிடிப்புகளில் ஒன்று. 2013 செப்டம்பரில் காட்டில் வைத்த தானியங்கிக் கேமரா ஒன்றில் அது பதிவானது. அதன்பின் காட்டில் உயிரோடு எந்தக் கேமராவிலும் பதிவாகவில்லை. அதை நேரடியாகக் குறிவைத்து யாரும் பெரிதாக வேட்டையாடவில்லை என்பதுதான் வேதனை. காட்டுப்பன்றிக்கும் கேளையாட்டுக்கும் வைத்த கம்பிகளில் அதுவும் சேர்ந்து சிக்கி மடிந்தது. நகரத்து உணவகங்களில் காட்டு இறைச்சிக்குக் கிடைக்கும் விலைதான் அந்தக் கம்பிகளை அங்கே கொண்டு சேர்த்தது. வியட்நாமின் இரண்டு சாவோலா காப்பகங்களில் மட்டும் 2011 முதல் 2019 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிகளைக் காவலர்கள் அகற்றினார்கள். கம்போடியா, லாவோஸ், வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் ஏறத்தாழ 1 கோடியே 23 லட்சம் கண்ணிகள் இருக்கலாம் என்று உலக இயற்கை நிதியம் 2020-இல் மதிப்பிட்டது. மரங்கள் நிற்கின்றன, பச்சை குறையவில்லை, நடமாட்டம்தான் இல்லை.

நம் மலைகளிலும் இதே கம்பிதான். இலங்கையின் மலையகத்தில், நல்லதண்ணி பகுதியில், 2020 மே மாதம் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் அது பிழைக்கவில்லை. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தைகள் சாவது தொடர்கிறது. நீலகிரியிலும் தேயிலைத் தோட்ட வேலிகளில் பன்றிக்கும் முயலுக்கும் வைத்த கம்பி, புலியையும் சிறுத்தையையும் பலிகொள்கிறது. நற்றிணைப் புலி விழுந்த அதே பொறி, கல் போய்க் கம்பி வந்திருக்கிறது. அன்று பாட்டில் சொல்லும் அளவுக்கு அரிதாக நடந்தது, இன்று வனத்துறையின் வழக்கமான பதிவாகிவிட்டது.

சட்டம் திரும்பக் கொண்டுவர முயல்வது

பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம், இறுகினால் மீண்டும் தளராத கண்ணிகளைத் தடை செய்தது. வைத்தவர் தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் விதித்தது. கூர்ந்து பார்த்தால், நார் இயல்பாகவே செய்த வேலையைச் சட்டத்தால் செய்விக்க முயன்றிருக்கிறார்கள். அது போதவில்லை. 2023 அக்டோபரில் வேல்ஸும், 2024 நவம்பரில் ஸ்காட்லாந்தும் கண்ணிகளை முழுவதுமாகத் தடை செய்தன.

இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கண்ணி வைத்துப் பிடிப்பதும் வேட்டைதான். கண்ணியும் பொறியும் துப்பாக்கியைப் போலவே ஆயுதங்கள்தான். பன்றிக்குத்தான் வைத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒரே இரவில் மரவள்ளிக்கிழங்குப் பயிரைப் பன்றிக்கூட்டத்துக்குப் பறிகொடுத்த சிறு விவசாயிக்குச் சட்டத்தின் வாசகம் ஆறுதல் தராது. பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு தாமதமில்லாமல் கைக்கு வர வேண்டும். சூரிய மின்வேலிக்கும் அகழிக்கும் மானியம் உண்மையாகவே காட்டோரத்துச் சிறு தோட்டங்களைச் சென்றடைய வேண்டும். அதைச் செய்யாமல் கம்பியை மட்டும் பிடுங்கினால், அடுத்த வாரம் வேறொரு கம்பி அதே இடத்தில் இருக்கும். காட்டு இறைச்சியை விருந்தாகக் கேட்டு வாங்கி உண்பவர்களும் இந்தக் குற்றத்தில் பங்காளிகளே. அவர்கள் கேட்பது நின்றால், இறைச்சியை விற்பதற்காக வைக்கும் கம்பி குறையும்.

கண்ணியைக் கண்டுபிடித்தவர்கள் பசியோடு இருந்தார்கள், விலங்கை அறிந்திருந்தார்கள், வைத்த இடத்துக்குத் திரும்பிப் போனார்கள். இந்த மூன்றும் இல்லாமல் பிரேக் ஒயரை வேலியில் கட்டுவது அவர்களின் அறிவைத் தொடர்வதாகாது. அந்த அறிவை மதிக்கும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காட்டோரத்திலோ தோட்ட வேலியிலோ தரையை ஒட்டிச் சுருக்கு வளையமாகத் தொங்கும் கம்பியைக் கண்டால் கவனியுங்கள்; விலங்கு சிக்கியிருந்தால் கிட்டே போகாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். நார்க் கண்ணி தானாக மட்கிவிடும். கம்பிக் கண்ணியை யாராவது அகற்றினால்தான் உண்டு.